ஸ்டாக்ஹோம் வரைந்த வட்டிக் கோடு

2022 பிப்ரவரி 10 அன்று சுவீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பாங்க் தன் பணக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. கொள்கை வட்டி அப்போது பூஜ்யம். 2024-இன் பிற்பாதி வரை அது உயராது என்று அறிக்கையில் வரைந்திருந்த கோடு சொன்னது. ஏப்ரல் 28 அன்று அதே வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. செப்டம்பரில் ஒரே கூட்டத்தில் ஒரு முழுச் சதவீதப் புள்ளி ஏற்றியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வட்டி 4 சதவீதத்தைத் தொட்டது. இரண்டரை ஆண்டுகள் அசையாது என்று கணித்த வட்டி பதினோரே வாரங்களில் அசைந்துவிட்டது.

இடையில், பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன என்பது உண்மை. ஆனால் பழி முழுவதையும் போரின் மேல் போட முடியாது. ஐரோப்பாவில் எரிவாயு விலை 2021-இலேயே தாறுமாறாக ஏறிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் சீர்குலைந்த சரக்குப் போக்குவரத்து இன்னும் சீராகவில்லை. ரிக்ஸ்பாங்க் அறிக்கை வெளியான அதே பிப்ரவரி 10 அன்றுதான் அமெரிக்காவின் ஜனவரி மாதப் பணவீக்கம் 7.5 சதவீதம் என்ற புள்ளிவிவரமும் வந்தது. இவை எதுவும் ஸ்டாக்ஹோமில் இருந்தவர்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்திருந்தும், வெளியிலிருந்து வரும் விலையேற்றம் தானாக அடங்கிவிடும் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்குதான் பொய்த்தது.

பொய்த்தது ஏதோ ஒரு சாதாரண வங்கியின் கணக்கு அல்ல. ரிக்ஸ்பாங்க் 1668-இல் தொடங்கியது. இன்று இயங்கும் மத்திய வங்கிகளில் மிகப் பழையது. வட்டி விகிதத்தைத் தானே முன்கணித்து, அதைக் காலாண்டு வாரியாக அச்சிட்டு வெளியிடும் மிகச் சில வங்கிகளில் ஒன்று. இந்த வழக்கத்தை 1997-இல் நியூசிலாந்து தொடங்கிவைத்தது. 2005-இல் நார்வேயும் 2007 பிப்ரவரியில் சுவீடனும் அடுத்த ஆண்டு செக் குடியரசும் பின்தொடர்ந்தன. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2012 ஜனவரியிலிருந்து தன் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எதிர்பார்க்கும் வட்டியைப் புள்ளிகளாகக் குறித்துக் காட்டுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கியும் இங்கிலாந்து வங்கியும் இந்த வழிக்கு வரவில்லை. சந்தை எதிர்பார்க்கும் வட்டியை எடுத்துக்கொண்டு, அதன் மேல் பணவீக்க முன்கணிப்பைக் கட்டுகின்றன.

சுவீடனில் வீட்டுக்கடன்களில் பெரும்பகுதி மாறும் வட்டியில் ஓடுகிறது. வங்கி அச்சிடும் கோடு அங்கே பொருளியலாளர்களின் விவாதப் பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கடன் வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம், வட்டியை எத்தனை ஆண்டுக்கு நிலைப்படுத்தலாம் என்று முடிவு செய்யும் குடும்பங்கள் அதைப் பார்க்கின்றன. அப்படிப் பார்ப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. சுமார் ஒரு கோடி மக்கள்தொகையும், ஏறத்தாழப் பாதி உற்பத்தியை வெளிநாட்டுக்கு விற்கும் பொருளாதாரமும் கொண்ட ஒரு நாட்டின் வட்டி முன்கணிப்பு, பெரும்பாலும் உலகத்தைப் பற்றிய முன்கணிப்புதான். கோட்டின் மேல் ரிக்ஸ்பாங்கின் பெயர் இருக்கிறது. அதன் சாய்வைத் தீர்மானிப்பவை ஃபிராங்க்ஃபர்ட்டும் வாஷிங்டனும் எண்ணெய்ச் சந்தையும்தான்.

இது எப்படி நடக்கிறது? சுவீடனில் வட்டி உயர்ந்து ஐரோப்பாவில் தாழ்வாகவே இருந்தால், பணம் சுவீடன் நாணயமான குரோனாவைத் தேடி வரும். குரோனா வலுக்கும். இறக்குமதிப் பொருள்கள் மலிவாகும், பணவீக்கம் இறங்கும், ஏற்றுமதியாளருக்கு அடி விழும். பணவீக்கத்தை 2 சதவீதத்தில் நிறுத்த வேண்டிய வங்கி அப்போது தன் வட்டியை நினைத்த அளவுக்கு ஏற்ற முடியாது. ஆகவே தன் வட்டிப் பாதையை வரைவதற்கு முன்னால் அடுத்தவர்களின் வட்டிப் பாதையை வரைந்தாக வேண்டும். அதில் அரைச் சதவீதம் பிசகினாலும், அந்தப் பிசகு நாணய மாற்று விகிதம், இறக்குமதி விலை, ஏற்றுமதித் தேவை என்று ஒவ்வொன்றின் வழியாகவும் வந்து சேரும். எண்ணெயும் உணவும் நேரடியாக விலைவாசிக்குள் வருவது இதற்கு மேல்.

வெளியுலகைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்து முதலில் காட்டியது. 1997-இல் அந்த நாட்டு ரிசர்வ் வங்கி வட்டியையும் நாணய மாற்று விகிதத்தையும் ஒரே குறியீட்டில் சேர்த்துப் பார்த்தது. நாணயம் 2 சதவீதம் சரிந்தால் வட்டி 1 சதவீதப் புள்ளி ஏற வேண்டும் என்பது அந்தக் குறியீட்டின் உள்கணக்கு. ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்து ஆசிய நெருக்கடி தொடங்கியது. நியூசிலாந்துப் பொருள்களை வாங்குவோர் குறைந்தார்கள். அதனாலேயே அதன் டாலரும் இறங்கியது. நாணயம் இறங்கியதைப் பார்த்த குறியீடு வட்டியை ஏற்றச் சொன்னது. வறட்சியும் சேர்ந்து வாட்டிய 1998-இல், பொருளாதாரம் சுருங்கிக்கொண்டிருந்தபோது குறுகிய கால வட்டி ஏறியது. பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவுக்கும் அதே அடி விழுந்தது. அதன் மத்திய வங்கி நாணயத்தை இறங்க விட்டுவிட்டு வட்டியை 5 சதவீதத்திலேயே வைத்திருந்தது. அங்கே மந்தம் வரவில்லை. நாணயம் இறங்குவது ஒன்றுதான். அது உள்நாட்டுப் பணவீக்கத்தால் இறங்குகிறதா, உலகத் தேவை குறைந்ததால் இறங்குகிறதா என்பதைப் பொறுத்து வட்டி எதிரெதிர்த் திசையில் போக வேண்டியிருக்கும். காரணத்தைக் கேட்காத குறியீட்டுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. 1999 மார்ச்சில் நியூசிலாந்து அந்த முறையைக் கைவிட்டது.

பின்னர் நியூசிலாந்து அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தக் காலகட்டத்தை ஆராய்ந்து, நல்ல நடைமுறையிலிருந்து பெரிதும் விலகிய காலம் என்று 2001-இல் தீர்ப்புச் சொன்னவர் சுவீடனைச் சேர்ந்த பொருளியலாளர் லார்ஸ் ஸ்வென்சன். மத்திய வங்கி தன் வட்டிப் பாதையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியவர். இன்றைய ஒரு நாள் வட்டியைவிட, வரும் ஆண்டுகளில் வட்டி எப்படிப் போகும் என்ற எதிர்பார்ப்புதான் கடனையும் முதலீட்டையும் நகர்த்துகிறது என்பது அவர் நிலைப்பாடு. 2007-இல் அவரே ரிக்ஸ்பாங்கின் துணை ஆளுநர்களில் ஒருவரானார். சில ஆண்டுகளில் அந்த வங்கியின் வட்டிப் பாதைக்கே அவர் எதிர்வாக்களிக்க நேர்ந்தது.

2008-09 நெருக்கடியில் 0.25 சதவீதத்துக்கு இறங்கிய வட்டியை ரிக்ஸ்பாங்க் 2010 ஜூலையிலிருந்து ஏற்றத் தொடங்கியது. 2011 ஜூலையில் 2 சதவீதம். சில ஆண்டுகளில் 3 சதவீதத்துக்கு மேல் போகும் என்று கோடு சொன்னது. ஆகஸ்ட் 9 அன்று ஃபெடரல் ரிசர்வ், குறைந்தது 2013-இன் நடுப்பகுதி வரை தன் வட்டி மிகத் தாழ்வாகவே இருக்கும் என்று வெளிப்படையாக அறிவித்தது. யூரோ நாடுகளின் கடன் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி அந்த ஆண்டு இரண்டு முறை ஏற்றிய வட்டியை நவம்பரிலும் டிசம்பரிலும் திரும்ப இறக்கியது. இத்தனைக்குப் பிறகும் ரிக்ஸ்பாங்கின் முன்கணிப்பில் வெளிநாட்டு வட்டிகள் சந்தை எதிர்பார்த்ததைவிட உயரமாகவே நின்றன.

ரிக்ஸ்பாங்கின் கூட்டக் குறிப்புகளில் யார் என்ன சொன்னார் என்பது பெயரோடு பதிவாகும். அதனால் இந்த வாதத்தை நாம் இன்றும் படிக்கலாம். ஸ்வென்சன் கூட்டத்துக்குக் கூட்டம் இதையே எடுத்து வைத்தார். வெளிநாட்டு வட்டி நீங்கள் வரைந்த உயரத்துக்குப் போகாது. போகாவிட்டால் நீங்கள் வரைந்த உள்நாட்டுப் பாதை குரோனாவை வலுப்படுத்திவிடும். பணவீக்கம் இலக்குக்குக் கீழே விழும், வேலையின்மை தேவையில்லாமல் உயரும். ஆகவே பாதை தாழ வேண்டும் என்றார். மற்றொரு துணை ஆளுநரான கரோலினா ஏக்ஹோம் அவரோடு நின்றார். ஆளுநர் ஸ்டெஃபான் இங்வெஸ் தலைமையிலான பெரும்பான்மைக்கு வேறொரு கவலை இருந்தது. குடும்பங்களின் கடன் வளர்ந்துகொண்டே போகிறது, தாழ்ந்த வட்டி அதை ஊதிவிடும் என்று அஞ்சினார்கள். அந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வீட்டுக்கடன் நெருக்கடி என்ன செய்யும் என்பதை உலகம் அப்போதுதான் பார்த்திருந்தது. ஆனால் கடனைப் பற்றிய கவலை உயர்ந்த வட்டிக்கான ஒரு காரணமாக இருக்கலாமே தவிர, வெளிநாட்டு வட்டி உயரும் என்று கணிப்பதற்கு அது ஆதாரம் ஆகாது. விரும்பும் வட்டியும் எதிர்பார்க்கும் வட்டியும் ஒரே கோட்டில் கலந்துவிட்டன என்பதுதான் அந்த ஆண்டுகளைப் பற்றிய என் வாசிப்பு.

2013 மே மாதம் ஸ்வென்சன் வெளியேறினார். பணவீக்கம் 2013-இலும் 2014-இலும் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. 2014 ஜூலையில் வட்டியை அரைச் சதவீதப் புள்ளி குறைக்கக் குழு முடிவெடுத்தபோது ஆளுநரே சிறுபான்மையாகிவிட்டார். அக்டோபரில் வட்டி பூஜ்யம். 2015 ஜனவரி 22 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி மாதம் 6,000 கோடி யூரோவுக்குக் கடன் பத்திரங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. மூன்று வாரத்தில் ரிக்ஸ்பாங்க் வட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 0.10-க்கு இறக்கியது. மார்ச் 18 அன்று, அட்டவணையில் இல்லாத நாளில், குரோனா வலுப்பதைக் காரணம் காட்டி மைனஸ் 0.25. அடுத்த ஆண்டு மைனஸ் 0.50 வரை போனது. அந்த ஆண்டுகளின் முன்கணிப்புகள் அனைத்தையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தால் முள்ளம்பன்றியின் முதுகு போல இருக்கும். உண்மை வட்டி கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அதன் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு முன்கணிப்பு மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கிறது.

ஏன் எல்லாமே மேல்நோக்கி? ஒரு பக்கத்துக்கே சாயும் பிழையைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. முன்கணிப்பு மாதிரிகள் வட்டி காலப்போக்கில் ஒரு இயல்பு நிலைக்குத் திரும்பும் என்று எடுத்துக்கொள்கின்றன. சுவீடனில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த இயல்பு நிலை 3.5 முதல் 4.5 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். அதை 2017-இல் 2.5 முதல் 4 ஆகவும், 2024-இல் 1.5 முதல் 3 ஆகவும் குறைத்தார்கள். இந்த இயல்பு நிலையே உள்நாட்டுப் பொருள் அல்ல. ஆசிய நாடுகளின் சேமிப்பு உலகச் சந்தையில் குவிந்து நீண்ட கால வட்டியை அமுக்குகிறது என்று, பின்னாளில் ஃபெடரல் ரிசர்வின் தலைவரான பென் பெர்னான்கி 2005-இலேயே சொன்னார். முதுமையடையும் மக்கள்தொகை, மெலிந்த உற்பத்தித்திறன் வளர்ச்சி ஆகியவையும் சேர்ந்து வேலை செய்தன. அமெரிக்காவின் பத்தாண்டுக் கடன் பத்திர வட்டி 1981-இல் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது; 2020 ஆகஸ்டில் அரைச் சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் இறங்கிக்கொண்டிருந்த ஒன்று, தங்கள் நாட்டில் மட்டும் மூன்றே ஆண்டில் பழைய இடத்துக்கு ஏறிவிடும் என்று மாதிரி ஒவ்வொரு காலாண்டும் எழுதிக்கொடுத்தது. அதைத் திருத்தவேண்டிய மனிதர்கள் திருத்தத் தாமதித்தார்கள்.

பெரிய நாடுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கவேண்டாம். 2015 ஆகஸ்ட் 11 அன்று சீனா யுவானின் மதிப்பைக் குறைத்தது. எல்லோரும் எதிர்பார்த்திருந்த முதல் வட்டி உயர்வை ஃபெடரல் ரிசர்வ் செப்டம்பரில் தள்ளிப்போட்டது. உலகப் பொருளாதார, நிதிச் சூழலைக் காரணமாகத் தன் அறிக்கையிலேயே எழுதியது. டிசம்பரில் ஏற்றியபோது, 2016-இல் நான்கு உயர்வுகள் வரும் என்று உறுப்பினர்களின் புள்ளிகள் காட்டின. ஜனவரியில் சீனச் சந்தை மறுபடி ஆட்டம் கண்டது, ஜூனில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. அந்த ஆண்டு வந்தது ஒரே ஒரு உயர்வு.

2021-22-இல் பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 2022 முடிவில் வட்டி 0.9 சதவீதமாக இருக்கும் என்று 2021 டிசம்பரில் ஃபெடரல் ரிசர்வ் உறுப்பினர்களின் நடுப்புள்ளி சொன்னது. மார்ச்சில் அது 1.9, ஜூனில் 3.4, செப்டம்பரில் 4.4. அந்த முறை சந்தையும் முன்கூட்டிச் சரியாகச் சொல்லிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தை விலையை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும் என்பவர்களுக்கு இது ஒரு தடை. சந்தையிலிருந்து விலகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. விலகினால் எவ்வளவு விலகுகிறோம், ஏன் விலகுகிறோம் என்பதை எழுதியாக வேண்டும்.

எழுதிக் காட்ட முடியும் என்பதற்கு நார்வே சாட்சி. நார்வே மத்திய வங்கியின் அறிக்கையில் நான் எப்போதும் முதலில் தேடும் படம் ஒன்று உண்டு. முந்தைய அறிக்கையின் வட்டிப் பாதைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை அது நிறப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும். வெளிநாட்டு வட்டியும் வெளிநாட்டு நிலவரமும் பாதையை எவ்வளவு தூக்கின அல்லது இறக்கின, நாணயம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, உள்நாட்டுத் தேவை எவ்வளவு, கூலியும் விலையும் எவ்வளவு என்று ஒவ்வொரு காலாண்டுக்கும் தனித்தனிப் பட்டை. பூஜ்யக் கோட்டுக்கு மேலே உள்ளவை ஏற்றியவை, கீழே உள்ளவை இறக்கியவை. நடுவில் ஒரு கோடு மொத்த மாற்றத்தைச் சொல்லும். எண்ணெய் விலை 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலருக்கு அருகில் இருந்து 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே விழுந்த காலத்தையொட்டி, வட்டி 1.50-இலிருந்து படிப்படியாக 0.50-க்கு இறங்கியதை இந்த வகைக் கணக்கோடு வைத்துப் படிக்கும்போது, எந்தக் காற்று எந்தப் பக்கம் தள்ளியது என்பது வாசகருக்குத் தெரிகிறது. நார்வேயின் முன்கணிப்பும் பல முறை தவறியிருக்கிறது. 2025 மார்ச்சில் வட்டியைக் குறைக்கப்போவதாகச் சொல்லியிருந்த வங்கி, பணவீக்கம் எதிர்பாராமல் ஏறியதால் அந்த மாதம் குறைக்கவில்லை. ஆனால் தவறியது எந்தப் பட்டை என்று கேட்க முடிகிறது. அந்த வசதி பெரியது.

அந்த வசதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா. 2024-க்கு முன் வட்டி உயர வாய்ப்பில்லை என்று அதன் மத்திய வங்கி ஆளுநர் ஃபிலிப் லோ 2021-இன் பெரும்பகுதியில் சொல்லிவந்தார். பணவீக்கமும் கூலியும் இன்னின்னபடி இருந்தால் என்ற நிபந்தனை அதோடு இருந்தது. மக்கள் காதில் விழுந்தது ஆண்டு மட்டும்தான். 2022 மே மாதம் வட்டி உயர்ந்தது. தொடர்ந்து மாதாமாதம் ஏறியது. அந்தச் சொல்லை நம்பிக் கடன் வாங்கியவர்களிடம் அவர் நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன் வருத்தம் தெரிவித்தார். அவருக்கு இரண்டாவது பதவிக்காலம் கிடைக்கவில்லை.

உலகம் இழுக்கிறது என்பதற்காக உள்ளூர் வங்கிக்கு வேலையே இல்லை என்றாகிவிடாது. 2024 மே 8 அன்று ரிக்ஸ்பாங்க், ஐரோப்பிய மத்திய வங்கிக்கு ஒரு மாதம் முன்பாகவும் ஃபெடரல் ரிசர்வுக்கு நான்கு மாதம் முன்பாகவும் வட்டியைக் குறைத்தது. குரோனா மேலும் நலியலாம் என்ற ஆபத்தைச் சொல்லிவிட்டே குறைத்தது. இப்போது அதன் அறிக்கைகளில் ஒற்றைக் கோட்டோடு மாற்றுச் சூழல்களுக்கான கோடுகளும் வருகின்றன. இங்கிலாந்து வங்கியின் முன்கணிப்பு முறையை ஆராய்ந்து பெர்னான்கி 2024 ஏப்ரலில் தந்த அறிக்கையும் மாற்றுச் சூழல்களை வெளியிடச் சொன்னது. நல்ல திருப்பம்தான். ஆனால் மையக் கோட்டுக்குள் வெளிநாட்டு வட்டி எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த மாற்றுக் கோடுகள் பதில் ஆகா.

இந்திய ரிசர்வ் வங்கி வட்டிப் பாதையை வெளியிடுவதில்லை. பணவீக்கத்தையும் வளர்ச்சியையும் மட்டும் முன்கணிக்கிறது. ரிக்ஸ்பாங்க் அறிக்கை வந்த அதே 2022 பிப்ரவரி 10 அன்று மும்பையில் ஆளுநர் சக்திகாந்த தாஸ் 2022-23-க்கான பணவீக்கம் 4.5 சதவீதம் என்று அறிவித்தார். ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலர் என்ற அடிப்படையில் அது 5.7 ஆனது, ஜூனில் 105 டாலர் என்ற அடிப்படையில் 6.7. நடுவே மே 4 அன்று, கூட்ட அட்டவணைக்கு வெளியே, கொள்கை வட்டியான ரெப்போ விகிதம் 4.40 சதவீதமாக உயர்ந்தது. எண்ணெய் பற்றிய எடுகோளைச் சொன்னதால்தான் முன்கணிப்பு ஏன் நகர்ந்தது என்பதை எவரும் பின்தொடர முடிந்தது. அது பாராட்டத்தக்க பழக்கம்.

அரையாண்டுக்கு ஒருமுறை வரும் அதன் பணக் கொள்கை அறிக்கையில் கச்சா எண்ணெய், ரூபாயின் மாற்று மதிப்பு, பருவமழை, உலக வளர்ச்சி, நிதிப் பற்றாக்குறை ஆகிய எடுகோள்கள் அட்டவணையாக இடம்பெறுகின்றன. அமெரிக்க வட்டி எப்படிப் போகும் என்ற எடுகோள் அதில் இல்லை. 2013 மே 3 அன்று ரெப்போவை 7.25-ஆகக் குறைத்த ரிசர்வ் வங்கி, ஃபெடரல் ரிசர்வ் தன் கடன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று பெர்னான்கி அந்த மாதம் சொன்ன பிறகு ரூபாய் சரிந்ததால், ஜூலை 15 அன்று வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25 சதவீதத்துக்கு ஏற்றவேண்டி வந்தது. அவ்வளவு பலமுள்ள காரணிக்கு அட்டவணையில் ஒரு வரி கூட இல்லாமல் இருப்பது சரியல்ல. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, கட்டப்பட்டிருக்கின்றன. ரெப்போ ஏறினால் தவணை ஏறுகிறது, அல்லது கடன் கட்டும் ஆண்டுகள் நீள்கின்றன. ஃபெடரல் ரிசர்வின் வட்டி வரும் நான்கு காலாண்டுகளில் எப்படிப் போகும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறீர்கள் என்பதை அடுத்த அறிக்கையிலிருந்து ரிசர்வ் வங்கி அந்த அட்டவணையில் அச்சிட வேண்டும்.